பழைய ஸ்டோருக்குத் துணிக் கூரை

கந்தப்பளை பஜாரில் என் கடைக்கு வருகிறவர்கள் துணியைத் தடவிப் பார்ப்பார்கள், கசக்கிப் பார்ப்பார்கள், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் விரித்துப் பார்த்துவிட்டு வாங்காமலே போவார்கள். இதற்கெல்லாம் நான் பழகியவன். ஆனால் பிரியந்தி என்கிற அந்தப் பெண் முதன்முதலாகக் கடைக்குள் வந்த அன்று, கைப்பையிலிருந்து பூச்செடிக்குத் தண்ணீர் தெளிக்கிற போத்தல் ஒன்றை எடுத்து, புத்தம்புதுத் துணிக்கட்டின் மேல் புஸ் புஸ் என்று அடித்தாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"ஏ புள்ள, என்ன வேல பாக்குற? நனஞ்ச துணிய இனி யாரு வாங்குவா?"

"நான்தான் வாங்குவேன் நானா. கொஞ்சம் பொறுங்க."

நனைந்த முனையைத் தூக்கிப் பிடித்து, அது தொங்குகிற விதத்தைக் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தாள். பிறகு அடுத்த கட்டு. பிறகு அதற்கடுத்தது. ஈரம் பட்டதும் நீண்டு தளர்ந்ததையெல்லாம் ஒதுக்கித் தள்ளினாள். அவள் தள்ளியதில் நான் கொழும்பிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த சரக்கும் இருந்தது.

"கந்தப்பளையில ஈரம் குடிக்காத துணி இல்ல நானா. குடிச்சாலும் நிதானமா நிக்கிற துணியாப் பாத்துக் குடுங்க," என்றாள்.

கல்லாவில் இருந்த என் மனைவி செரீபா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "உங்களுக்கு ஏத்த ஆளு இப்பத்தான் வந்திருக்கு," என்றாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜமால்தீன் நானா கடை என்றால் ராகலை வரைக்கும் பேர் உண்டு, என் துணியைத் தண்ணீர் தெளித்துச் சோதித்தவர் அதுவரை யாரும் இல்லை.

பிரியந்தி ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். கொழும்பில் தையல் ஆலையில் இருந்து, அங்கிருந்து பெரிய ஹோட்டல்களில் கல்யாண மேடை சோடிக்கிறவர்களிடம் சேர்ந்து, தொழிலைப் பிடித்துக்கொண்டு நுவரெலியாவுக்குத் திரும்பிச் சொந்தமாகத் தொடங்கியிருந்தாள். வேன்காரனை அதட்டுவது சிங்களத்தில், எங்களை அதட்டுவது தமிழில். கடைசியில் பால் நிறத்தில் சில கட்டுகளும் குங்கும நிறத்தில் கொஞ்சமும் எடுத்துக்கொண்டாள்.

"எந்த மண்டபத்துக்கும்மா?" என்று கேட்டேன்.

"மண்டபம் இல்ல நானா. தோட்டத்து மேல்பிரிவுல மூடிக் கெடக்குதே, பழைய ஸ்டோரு. வீரய்யா மாமா மக லோஜினிக்குக் கல்யாணம்."

தேயிலை ஆலையைத் தோட்டத்தில் ஸ்டோர் என்பார்கள். அந்த ஸ்டோரை எனக்குத் தெரியும், வீரய்யாவையும் தெரியும். ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னிடம்தான் துணி எடுப்பார், ஒவ்வொரு தீபாவளிக்கும் என்னோடு சண்டை பிடிப்பார். ஸ்டோர் ஓடிய காலமெல்லாம் அதற்குள் வேலை செய்தவர், மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தி, இரகசியம் பேசினாலும் பஜாருக்கே கேட்கும். ஸ்டோரை மூடியபின் மலையில் வேலைக்குப் போனவர், மழையில் சறுக்கித் தண்ணீர்க் கானுக்குள் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டார். உள்ளே இரும்பு வைத்துத் தைத்திருக்கிறார்கள். நாற்காலியில் உட்கார வைத்தால் உட்காருவார், நாலு பேர் தூக்கினால் பக்கத்தில் எங்கேயாவது போவார். வண்டியில் மட்டும் ஏற்ற முடியாது. அந்தத் தோட்டத்து ரோட்டில் வண்டி ஒரு குழியில் இறங்கினாலே மனிதர் அலறுகிற அலறல் கேட்கச் சகிக்காது.

வில்லங்கம் அதில்தான் இருந்தது. மாப்பிள்ளை திலக்ஷன், பூண்டுலோயாவில் வாத்தியார், தங்கமான பையன். அவனுக்குத் தகப்பன் இல்லை. எல்லாம் சித்தப்பா சுதாகரன்தான். தோட்டத்து ஒப்பீசில் பெரிய கிளாக்கர், சட்டைக் கை மடிப்புக் கலையாத மனிதர். அவர் நுவரெலியா டவுனில் ஒரு மண்டபத்தைப் பேசி வைத்திருந்தார். லோஜினி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாளாம்.

"எங்கப்பா வர முடியாத எடத்துல என்னய யாரு தார வார்ப்பாங்க?"

சித்தப்பன் முறையில் யாராவது செய்யலாமே என்றிருக்கிறார் சுதாகரன். அப்படியென்றால் கல்யாணமே வேண்டாம் என்றிருக்கிறாள் பெண். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற பழைய ஸ்டோரைச் சோடிக்கட்டும். கல்யாணத்துக்கு முந்திய வியாழக்கிழமை சுதாகரன் வந்து பார்ப்பார். நாலு பேரைக் கூப்பிடத் தகுதியாக இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் டவுன் மண்டபம். அதுவரை மண்டபத்தை அவர் விடமாட்டார். ஆக, ஸ்டோர் என்றால் வீரய்யா மகளைத் தன் கையால் கொடுப்பார். மண்டபம் என்றால் அவர் லயத்துக் காம்பராவில் கூரைத் தகரத்தைப் பார்த்தபடி படுத்திருக்க, வேறு யாரோ கொடுப்பார்கள்.

இதைக் கேட்டபின் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. என் துணியை என்ன பாடு படுத்துகிறாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று செரீபாவிடம் சொல்லிவிட்டு ஒரு காலையில் மேல்பிரிவுக்குப் போனேன்.

உள்ளே கால் வைத்ததும் மனம் விழுந்துவிட்டது. மெஷினையெல்லாம் எப்போதோ கழற்றி விற்றுவிட்டார்கள். இரும்புத் தூண்களும் தகரக் கூரையும்தான் மிச்சம். சுவரெல்லாம் எண்ணெயும் தேயிலைத் தூசும் அப்பிக் கறுத்துக் கிடந்தது. வெளியே மழை இல்லை, வெறும் பனிமூட்டம்தான். ஆனாலும் கூரைத் தகரம் வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டுகிற தண்ணீர் துருவோடு சேர்ந்து செங்கல் நிறத்தில் விழுந்தது. ஒரு சொட்டு என் வெள்ளைத் தொப்பியிலேயே விழுந்தது.

"இதுக்குக் கீழயா என் பால் நிறத் துணி?" என்று கத்தினேன். "புள்ள, ஒரு காலையிலயே அது மாட்டுத் தோல் மாதிரி ஆகிரும்!"

பிரியந்தி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், நட்ட நடு ஸ்டோரில், சம்மன் வந்தவள் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். லோஜினி ஏணியில் நின்று கயிற்றின் முனையைத் தூணில் ஏற்றியும் இறக்கியும் பிடித்துக்கொண்டிருந்தாள். "இன்னும் கொஞ்சம் எறக்கு... அதுல நிப்பாட்டு... இல்ல, கழுத்து வலிக்குது, எறக்கு."

"நிண்டுகிட்டுப் பாத்தா என்னவாம்?" என்றேன்.

"நிக்கிற ஆளுக்கு எல்லாரும்தான் சோடிப்பாங்க நானா. அன்னைக்கு இந்த எடத்துல இருக்கப்போற ஆளு உக்காந்துதான் இருப்பாரு. மாமா தலைய நிமித்தினா இடுப்பு இழுக்குது. அவரு கண்ண மட்டும் தூக்கினா எல்லாம் தெரியணும்."

கொழும்பு ஹோட்டல்களில் கல்யாண மேடையைப் படம் பிடிக்கிறவன் நிற்கிற இடத்திலிருந்து கணக்குப் போட்டுத் துணி கட்டுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவள் இடுப்பொடிந்த ஒரு மனிதரின் நாற்காலியிலிருந்து ஒரு ஸ்டோர் முழுவதையும் கட்டிக்கொண்டிருந்தாள். மடிப்புகள் எல்லாம் மணவறைக்கு மேலேயிருந்து புறப்பட்டு நாலா பக்கமும் விரியும், அதன் தொடக்கம் அந்த நாற்காலிக்கு நேர் எதிரே. மணமக்கள் இருக்கிற மேடையையும் உயர்த்திக் கட்டச் சொல்லியிருந்தாள். கீழே குனிய முடியாதவருடைய மடிமட்டத்துக்கு மகளின் கை வரவேண்டுமாம். அந்த நிமிஷத்திலேயே அவளை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஆனாலும் முகத்தைக் கடுகடுவென்றே வைத்துக்கொண்டேன், வியாபாரிக்கு அது பழக்கம்.

"சரி, சொட்டுற தண்ணிக்கு என்ன வழி?"

அவள் வாசலைக் காட்டினாள். வீரய்யாவின் மனைவி நாகலெட்சுமியும் லயத்துப் பெண்கள் பலரும் சுருட்டிய பிளாஸ்டிக் விரிப்புகளைத் தலையிலும் இடுப்பிலும் வைத்துக்கொண்டு வந்தார்கள். எல்லாம் படங்கு. கொழுந்து பறிக்கும்போது செடியின் ஈரமும் குச்சியும் படாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற தடித்த விரிப்பு. பச்சை, நீலம், உரச் சாக்கின் வெள்ளை என்று நிறத்துக்கொன்றாக இருந்தன.

"எங்க படங்கு கல்யாணத்துக்கு வருதுடி," என்று ஒருத்தி சொல்ல, எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கூரைக்குக் கீழே, ஓடு வேய்கிற மாதிரி ஒன்றின் மேல் ஒன்று ஏறப் படங்குகளைச் சரிவாகக் கட்டச் செய்தாள் பிரியந்தி. மேலே சொட்டுகிற தண்ணீர் அதில் விழுந்து, வழிந்து, சுவரோரம் வைத்த பிளந்த மூங்கிலில் இறங்கி வெளியே போகும். அதற்குக் கீழேதான் என் துணி. வீரய்யாவையும் நாற்காலியோடு தூக்கி வந்து வாசலில் வைத்திருந்தார்கள். அவர் அங்கிருந்தே ஊரைக் கூட்டினார்.

"ஏம்மா பிரியந்தி, அந்தத் தூணுக்கு அங்கிட்டு ரெட்டையாப் போடு! அதுதான் பயங்கரமா ஊத்தும்! நானா, நீங்க எதுக்கு வந்தீங்க? துணிய அளந்து பாக்கவா?"

"உன் மொகத்தப் பாக்க வந்தேன்," என்றேன். அவர் சிரித்தார். விழுந்ததிலிருந்து அந்த மனிதர் சிரித்து நான் பார்க்கவில்லை.

புறப்படுகிற நேரத்தில், துணியையெல்லாம் அலசிக் கஞ்சியைப் போக்க வேண்டும், கஞ்சி இருந்தால் மடிப்பு விறைத்துக்கொண்டு நிற்கும் என்று பிரியந்தி சொன்னாள். நடுக்கூரைக்கு உள்ளதை முதலில் அலசிக் கட்டிவிடுவாள், சுவருக்கும் வாசலுக்கும் உள்ளதைப் பிறகு. சரியென்று தலையாட்டிவிட்டு வந்தேன். அந்தப் பேச்சை அப்போதே மறந்தும்போனேன்.

வியாழக்கிழமை வந்தது. காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு வேன் நின்றது. இறங்கினவர் சுதாகரன். நிச்சயதார்த்தத்துக்கு என்னிடம்தான் பட்டு எடுத்திருந்தார், அதனால் முகம் தெரியும். வேனுக்குள் அவர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"நானா, நல்ல வேட்டியா ஒண்ணு குடுங்க," என்றார், குரல் இறங்கியிருந்தது. "கோடி போடணும்."

செத்தவரின் உடம்புக்கு உறவுக்காரர்கள் போர்த்துகிற புதுத்துணிதான் கோடி. "யாருக்குங்க ஐயா?" என்று கேட்டேன்.

"மேல்பிரிவு வீரய்யாவுக்குத்தான். எங்களுக்கே இப்பத்தான் தெரியும். எடத்தப் பாக்கலாம்னு வந்தோம். அவரு லயத்துக்குப் போற ரோட்டுல திரும்புனா ரெண்டு பக்கமும் வெள்ள கட்டியிருக்காங்க, அவரும் ஒடம்பு முடியாதவரு. போன் அடிச்சா அங்க சிக்னல் இல்ல. வெறுங்கையோட எழவு வீட்டுக்குள்ள போக முடியுமா? அதான் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்தோம்."

எங்கள் மலைப்பக்கத்தில் ரோட்டோரம் வெள்ளை கட்டினால் சாவு வீடு என்று அர்த்தம். சிங்களவர், தமிழர், யாரும் அதில் சந்தேகம் கேட்பதில்லை. "இன்னாலில்லாஹி" என்று சொல்லிக்கொண்டு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நாளைக்கு முன்தானே என்னைப் பார்த்து அந்த மனிதர் சிரித்தார். மகளைக் கையால் பிடித்துக் கொடுக்க வேண்டும் என்று இத்தனை பேரும் பாடுபட்டு, அதற்குள் போய்விட்டாரே.

கடையில் இருந்ததிலேயே நல்ல வேட்டியை எடுத்துக் கொடுத்தேன். காசு நீட்டியபோது தள்ளிவிட்டேன். செரீபா சத்தம் போட்டு அழத் தொடங்கிவிட்டாள். கடையைச் சாத்திவிட்டு நாங்களும் அதே வேனில் ஏறினோம்.

வழி முழுவதும் வீரய்யாவின் புகழ்தான். சுதாகரன் அவரை இரண்டு தடவைதான் பார்த்திருப்பார். ஆனாலும் அப்படிப்பட்ட மனிதர் இனிப் பிறக்கப்போவதில்லை என்றார். "சத்தம் போட்டுப் பேசினாலும் மனசுல ஒண்ணுமில்லாத மனுஷன்," என்று நான் சொன்னேன். தீபாவளிச் சண்டைகளில் நியாயம் அவர் பக்கம்தான் இருந்தது என்றுகூடச் சொல்லிவிட்டேன்.

ரோட்டில் திரும்பியதும் பார்த்தேன். பனிமூட்டத்துக்குள் இரண்டு பக்கமும் மரத்துக்கு மரம் கயிறு கட்டி, வெள்ளை வெளேரென்று நீள நீளமாகத் துணி தொங்கியது. இறந்தவர் மீது தோட்டத்துச் சனம் எவ்வளவு மரியாதை வைத்திருக்கிறது, இத்தனை வெள்ளை யாருக்குக் கட்டுவார்கள் என்று நினைத்தேன்.

வேன் ஸ்டோருக்கு முன்னால் நின்றதோ இல்லையோ, சுதாகரன் வீட்டுப் பெண்கள் கொண்டையை அவிழ்த்துக்கொண்டு இறங்கினார்கள். "ஐயோ, சம்பந்தி முறை கொண்டாட வந்த வீட்டுல..." என்று ஒப்பாரி தொடங்கிவிட்டது. அதைக் கேட்டு லயத்திலிருந்து நாகலெட்சுமி ஓடிவந்தாள். மாப்பிள்ளை வீட்டில் யாரோ போய்விட்டார்கள் என்று அவளுக்கு நினைப்பு. முதலில் கட்டிப்பிடித்து அழவேண்டும், யாரென்று பிறகுதான் கேட்கவேண்டும், இதுதானே முறை. அவளும் இந்த இரண்டு பேரின் கழுத்தையும் கட்டிக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டாள். செரீபாவும் போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தாள். யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமல் நாலு பெண்கள் ஒன்றாக அழுதார்கள்.

அப்போது ஸ்டோர் வாசலிலிருந்து ஒரு குரல் இடி மாதிரி கேட்டது.

"யாரும்மா செத்துப்போனது? சொல்லிட்டு அழுங்களேன்!"

வீரய்யா. நாற்காலியில், கம்பளி போர்த்திக்கொண்டு, கையில் தேத்தண்ணீர்க் கோப்பையோடு இருந்தார்.

ஒப்பாரி பாதியில் நின்றது. உள்ளேயிருந்து பிரியந்தி பல்லுக்கிடையில் குண்டூசிகளைக் கடித்தபடி வந்தாள். வேனைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், ரோட்டோரத்துத் துணியைப் பார்த்தாள். ஊசிகளைத் துப்பிவிட்டு, "ஐயையோ, அது காயப்போட்ட துணி! வாசலுக்குக் கட்டுறது!" என்றாள்.

காயப்போட்ட துணி, என் கடைத் துணி. வேனிலிருந்து எட்டிப் பார்த்து அதற்கு மரியாதை செய்துகொண்டு வந்தவன் நான். இத்தனை காலம் துணி விற்றவனுக்குத் தன் சரக்கை அடையாளம் தெரியவில்லை. செரீபா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை இங்கே எழுதமுடியாது.

சிரித்து முடித்திருக்கலாம். ஆனால் யாரும் சிரிக்கவில்லை. "கல்யாண வாசல்ல ஒப்பாரி வச்சிட்டமே," என்று மாப்பிள்ளை வீட்டுப் பெண் ஒருத்தி முணுமுணுத்தாள். "கோடித் துணியோட வந்து எறங்கிட்டமே." சுதாகரன் அக்குளில் இடுக்கியிருந்த பார்சலை இன்னும் இறுக்கிக்கொண்டார். வெட்கத்தில் அவர் முகம் சிவந்திருந்தது. வெட்கப்பட்ட பெரிய மனிதர்கள் செய்வதையே அவரும் செய்தார், கோபப்பட்டார்.

"இதுக்கு மேல இந்த எடம் சரிப்படாதுங்க. சகுனமே சரியில்ல. டவுன் மண்டபத்துலயே வச்சுக்குவோம்."

நாகலெட்சுமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். லோஜினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். என் துணியால் வந்த வினை என்றே எனக்குத் தோன்றியது.

"கிளாக்கரய்யா," என்றார் வீரய்யா. "கையில என்ன பார்சலு?"

"ஒண்ணுமில்ல."

"எனக்கு வாங்கினதுதானே? அப்பக் குடுங்க."

"என்ன பேச்சுப் பேசுறீங்க? அது கோடி!"

"செத்தவன் மேல போத்துனாத்தான் அது கோடி. உசிரோட இருக்கவன் கையில குடுத்தா சம்பந்தி எடுத்துக் குடுத்த வேட்டி. செத்துட்டான்னு பேச்சு வந்தா ஆயுசு கெட்டின்னு நம்ம சனம் சொல்லுமா சொல்லாதா? எனக்கு இருந்த கண்டம் இன்னையோட கழிஞ்சிருச்சு. நீங்கதான் கழிச்சு விட்டிருக்கீங்க. குடுங்கய்யா."

கையை நீட்டினபடியே இருந்தார். சுதாகரன் என்ன செய்வதென்று தெரியாமல் பார்சலைக் கொடுத்தார். வீரய்யா காகிதத்தைக் கிழித்து, வேட்டியைப் பிரித்து, கம்பளிக்கு மேல் மடி நிறைய விரித்துக்கொண்டார்.

"நல்ல வேட்டி. நானா கடைதான், கரையப் பாத்தாலே தெரியுது. நானா, காசு வாங்கினீங்களா?"

"இல்ல," என்றேன்.

"அப்ப இது சம்பந்தி எடுத்ததா, நீங்க எடுத்ததா?"

சுதாகரன் பதறிப்போய்ப் பணத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார். "நான் எடுத்தது! நான் எடுத்ததுதான்!" முதலில் சிரித்தது லோஜினி. பிறகு எல்லாரும் சிரித்தோம், ஒப்பாரி வைத்தவர்களும்தான். சகுனத்தை அந்த மனிதர் மடியில் விரித்து உட்கார்ந்த இடத்திலேயே தீர்த்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் சுதாகரன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "வேட்டி சரி. எடம்? நாலு பேர நான் கூப்பிடணுமே."

"உள்ள வந்து பாத்துட்டுச் சொல்லுங்க ஐயா," என்றாள் பிரியந்தி. "நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

நானும் பின்னால் போனேன். இரண்டடி வைத்துவிட்டு நின்றுவிட்டேன். அன்று நான் பார்த்த ஸ்டோரா இது? மணவறைக்கு மேலேயிருந்து பால் நிறத் துணி மடிப்பு மடிப்பாகப் புறப்பட்டு, ஒவ்வொரு தூணின் தலையையும் தொட்டு, அங்கே ஒரு சுற்றுச் சுற்றி, அடுத்த தூணுக்குப் போனது. மடிப்பின் உள்ளே மட்டும் குங்கும நிறம். காற்றடிக்கும்போது அது தெரிந்து மறைந்தது. தூணின் கீழ்ப்பாதியை அவள் மூடவில்லை. கறுத்த இரும்பைத் துடைத்து எண்ணெய் பூசி விட்டிருந்தாள். பிள்ளைகள் சாய்வார்கள், மூடினால் அழுக்காகும், இரும்பு இரும்பாகவே இருக்கட்டும் என்றாளாம். மெஷின் இருந்த கோலத்தை மறைக்காமலே அந்த இடத்துக்கு ஒரு கல்யாணக் களையைக் கொண்டுவந்திருந்தாள். எத்தனையோ மண்டபத்துக்குத் துணி கொடுத்தவன் நான். என் துணியையே தொப்பியை நகர்த்தி அண்ணாந்து பார்த்தது அன்றைக்குத்தான்.

சுதாகரன் நடந்து நடந்து பார்த்தார். வீரய்யாவுக்கென்று போட்டிருந்த நாற்காலியைக் கண்டு, "இது யாருக்கு?" என்றார். சொன்னோம். அதில் உட்கார்ந்தார். கண்ணை மட்டும் உயர்த்தினார். மடிப்புகளெல்லாம் தனக்காகவே விரிந்து நிற்பது அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து மூட்டம் விலகி வெயில் வந்தது. சூடு பட்டதும் கூரைத் தகரத்தில் கோத்திருந்த ஈரம் மொத்தமாகச் சொட்டத் தொடங்கியது. தட தடவென்று மேலே சத்தம். சுதாகரன் தலையைக் கையால் மறைத்துக்கொண்டு எழப் பார்த்தார். பிரியந்தி அசையவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு என் துணியைப் பார்த்தேன். ஒரு பொட்டு ஈரம் இல்லை. சுவரோர மூங்கிலில் தண்ணீர் சலசலவென்று இறங்கி வெளியே ஓடியது.

"மேல என்ன போட்டிருக்க?"

"படங்கு, ஐயா."

"படங்குக்குக் கீழயா எங்க புள்ளைக்குக் கல்யாணம்?"

"அது இல்லாட்டித் துருத்தண்ணிக்குக் கீழ," என்றாள் அவள் பட்டென்று. "இந்த லயத்துல உள்ள எல்லாப் பொம்பளையும் இடுப்புல கட்டுனத அவுத்துக் குடுத்திருக்காங்க. இன்னைக்கு வேலைக்கு அதுக்குப் பதிலா பழைய சாரத்தச் சுத்திக்கிட்டுப் போயிருக்காங்க, போய்ப் பாருங்க."

அவர் அவளையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எங்கம்மாவும் கொழுந்து எடுத்தவங்கதான்," என்றார். கைத்தொலைபேசியை எடுத்தார், சிக்னல் இல்லை. வெளியே போய், காய்கிற துணிகளுக்கு நடுவே ரோட்டோடு நடந்து நடந்து, வளைவு வரைக்கும் போய்விட்டார். அங்கே அவருக்கு லைன் கிடைத்திருக்க வேண்டும். "ஆமா, மண்டபம் வேணாம்! வேற யாருக்காச்சும் குடுங்க!" என்று அவர் கத்தியது எங்களுக்குக் கேட்டது. நாகலெட்சுமி எழுந்துபோய்ப் பிரியந்தியின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கல்யாணத்தன்று ஸ்டோர் கொள்ளாத கூட்டம். பூண்டுலோயாக்காரர்கள் உள்ளே வந்ததும் வாய் பிளந்து மேலே பார்த்ததை நான் ஒவ்வொருத்தராகப் பார்த்து இரசித்தேன். "யாரு துணி?" என்று கேட்டவர்களிடம் என் துணி என்று சொல்லவில்லை, "அந்தப் புள்ள கட்டுனது" என்றுதான் சொன்னேன். செரீபா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், காய்ச்சலோ என்று.

முகூர்த்த நேரத்துக்கு லயத்திலிருந்து வீரய்யாவின் நாற்காலியை நாலு பேர் தூக்கி வந்தார்கள். ஒரு காலைப் பிடித்திருந்தவர் சுதாகரன். மடிப்புக் கலையாத அவர் சட்டை முதுகோடு நனைந்திருந்தது. யாரோ மாற்றிக்கொள்ள வந்தபோது முழங்கையால் தள்ளிவிட்டார். நாற்காலியை மேடைக்கு எதிரே இறக்கினார்கள். வீரய்யா கண்ணை உயர்த்தினார்.

லோஜினி கையை நீட்டினாள். அவர் குனிய வேண்டியிருக்கவில்லை, மேடையிலிருந்து அவள் கை நேராக அவர் மடிமட்டத்துக்கு வந்தது. அவர் அதைப் பற்றிக்கொண்டார், அதற்குக் கீழே திலக்ஷனின் கை. நாகலெட்சுமி செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றினாள். ஐயர் சொல்லச் சொல்ல வீரய்யா திக்கித் திணறிச் சொன்னார். தண்ணீர் மூன்று பேருடைய கையிலும் வழிந்து தட்டில் விழுந்தது. மேலே தகரமும் சொட்டிக்கொண்டுதான் இருந்தது, யார் கவனித்தார்கள்?

"சரி, கைய எடுக்கலாம்," என்றார் ஐயர்.

வீரய்யா எடுக்கவில்லை. ஐயர் இன்னொரு தரம் சொன்னார். சுதாகரன் குனிந்து, "சம்பந்தி," என்று மெதுவாகத் தோளைத் தொட்டார். வீரய்யா கூட்டத்தைப் பார்த்தார். முன்னால் இருந்தவர்களை, பின்னால் தூணோரம் நின்ற லயத்துச் சனத்தை, சமையல் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தவர்களை, ஊசியும் கையுமாக நின்ற பிரியந்தியை. பிறகு ஸ்டோர் ஓடிய காலத்துக் குரலில், மேளச் சத்தத்துக்கு மேல் கத்தினார்.

"எல்லாரும் பாத்துக்கிட்டீங்களா? என் கையால குடுத்துட்டேன்!"

அதற்குப் பிறகுதான் மகளின் கையை விட்டார்.